மதிப்பெண் கேட்கும் மனிதவளத் துறையினருக்கு

சென்னையில் ஆளெடுக்கும் தனியார் நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். 'எந்தப் பட்டமும் போதும், முன் அனுபவம் தேவையில்லை' என்று உங்களில் ஒருவர் கொடுத்த விளம்பரத்தை நம்பி, இறுதியாண்டு மாணவி ஒருத்தி அப்பாவையும் கூட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் பொதுப்பெட்டியில் வந்தாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. பீடிக்கடையில் முன்பணம் வாங்கித்தான் மகளை அனுப்பினார்.

வாசலிலேயே ஒரு படிவம். அதில் 'பத்தாம் வகுப்பு: 60 சதவீதம்' என்று ஒரு கட்டம். 2021-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் அத்தனை பேரும் தேர்ச்சி. சான்றிதழில் மதிப்பெண் கிடையாது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கணக்கிட்டு மதிப்பெண் தந்தார்கள். ஆக, அந்தக் கட்டம் யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. "மார்க் இல்லாம எடுக்க முடியாதும்மா" என்றார்களாம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்று இரவே வண்டியேறிவிட்டார்கள்.

நிபந்தனை வைப்பது உங்கள் உரிமை. அதை விளம்பரத்திலேயே எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எழுதாத நிபந்தனைகள் இன்னும் எத்தனையோ. உள்ளே வேலை பார்ப்பவரின் ரெஃபரல் வேண்டுமாம். முதல் பட்டதாரி என்று அரசே சான்றிதழ் கொடுத்த வீட்டுப் பிள்ளை ரெஃபரலுக்கு யாரிடம் போவாள்? சொந்த ஊரைச் சொன்னதும், "அங்கே எந்தத் தெரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறீர்களே, அது எதற்கு என்று திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியாதா? அதையும் விளம்பரத்தில் போட்டுவிடுங்களேன், ரயில் செலவாவது மிஞ்சும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா நிபந்தனைகளையும் விளம்பரத்திலேயே எழுதுங்கள். 2021-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். முதல் சுற்றையாவது பாளையங்கோட்டையில் வைத்தால், 650 கிலோமீட்டர் வந்து வாசலோடு திரும்ப வேண்டியிருக்காது. அடுத்த ஆளெடுப்புக்கு முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வணிகவியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்