உன் கையில் இருக்கும் பட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போன் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும், சரி. அதைக் கேட்க எழுதவில்லை. உன் கையில் கட்டியிருக்கிறாயே ஃபிட்னஸ் பேண்ட், அதைப் பற்றிச் சொல்லத்தான்.

அதை விற்றவர்களுக்கு வருமானம் விற்றதோடு முடிவதில்லை. வூப் கம்பெனி பட்டைக்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை, எல்லாம் சந்தாவில்தான். கூகுள் 210 கோடி டாலர் கொடுத்து ஃபிட்பிட் என்ற பேண்ட் கம்பெனியை வாங்கியதே, வெறும் கருவிக்காகவா? ஐரோப்பிய ஆணையம் 2020-ல் அதற்குச் சம்மதித்தபோது, அங்குள்ளவர்களின் உடல்நலத் தகவலைப் பத்து வருடம் விளம்பரத்துக்குத் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. பயம் இல்லாமலா போட்டார்கள்?

ஃப்ளோ என்று மாதவிடாய்க் கணக்கு வைக்கும் செயலி. ரகசியமாக வைப்போம் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, பேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு விவரம் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2021-ல் குற்றம் சாட்டியது. எனக்கு மனசே ஆறவில்லை. நம்பித்தானே எழுதி வைத்தார்கள்?

அதனால் செட்டிங்ஸைப் பார். எது யாருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார். நீ கெட்டிக்காரி, உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் பார்.

ஸ்ட்ராவா என்று ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலி. 2018-ல் அதன் வரைபடத்தில் பெயர் ஒன்றும் இல்லை, ஓடிய தடங்கள்தான். அதிலேயே ராணுவ முகாம்கள் தெரிந்துவிட்டன. நீ ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நடந்தாலும் அந்தப் பட்டைக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும்.

நீ எனக்குக் கொடுத்த பழைய போனில் உன் கணக்கு திறந்தே இருந்தது. முதலில் பெருமைக்குத்தான் பார்த்தேன், இன்றைக்கும் பத்தாயிரம் அடி தாண்டிவிட்டாளா என்று. அப்புறம் உன் தூக்கத்தைப் பார்த்தேன். தினமும் எழுந்ததும் அதுதான் முதல் வேலை. உன்னிடம் கேட்க வாய் வரவில்லை, சித்தியிடம் சொல்லிவிட்டேன். அவள் உன்னிடம் கேட்டது அதனால்தான். அன்றிலிருந்துதான் நீ பேசவில்லை.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. தப்பு என்னுடையது. இன்று உன் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டேன். நீயும் பாஸ்வேர்டை மாற்றிவிடு. இனி நீ தூங்கினாயா என்று நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும். எந்த நேரமானாலும் கூப்பிடு, எடுப்பேன்.

அம்மா