அந்த 14ம் நாள் கணக்கு உனக்கு இல்லடி

பாப்பா,

நேத்து ராத்திரி நீ ஃபோன வச்சதுக்கப்புறம் தூக்கமே வரல, ஒன்றரை வருஷமா கொழந்தைக்கு பாத்துட்டு, நாள் தள்ளிப் போகுதேன்னு கர்ப்ப டெஸ்ட் பண்ணா "ஒத்தக் கோடு தான்மா வருது"ன்னு நீ சொன்னது காதுலயே நிக்குது. அப்பா குறட்ட விட்டுத் தூங்கறாரு, நான் எந்திரிச்சு வந்து கூடத்துல உக்காந்து இத டைப் பண்றேன். பேசுனா நீயும் அழுவ நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்னுடும். எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காத, இந்த கீபோர்டு என் விரலுக்கு சின்னது.

உனக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மான்னு கேட்ட. அதுக்கு நேத்து நான் மழுப்பிட்டேன். ஆமான்டி, எனக்கும் இப்படித்தான்.

1989ல பாபநாசம் பக்கம் சப் சென்டர்ல, அதான் கிராமத்து துணை சுகாதார நிலையத்துல, வேலைக்கு சேந்தேன், ஊருக்கே நர்ஸம்மா. எந்த வீட்டுத் திண்ணைல உக்காந்தாலும் மொத கேள்வி "கடைசியா எப்ப தலைக்கு ஊத்துன?" அதுங்க தேதியா சொல்லும்? ஆடிப்பெருக்குக்கு மறுநாளுங்கும், மாரியம்மனுக்கு காப்பு கட்டுன அன்னிக்குங்கும், நான் காலண்டரப் பாத்து அத தேதியாக்கி எல்எம்பி, அதாவது கடைசி பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள்னு நோட்டுல எழுதி, ஒம்பது மாசமும் ஏழு நாளும் கூட்டி பிரசவ தேதி போடுவேன். ஊர் பொம்பளைங்க கணக்கெல்லாம் என் கையில, என் கணக்கு மட்டும் எனக்கே புரியாது. ஒரு தடவ நாப்பது நாள், ஒரு தடவ எழுபது நாள்.

1990ல கல்யாணம். உங்க அப்பாயி சமையக்கட்டு காலண்டர்ல பால் கணக்குக்குப் பக்கத்துலயே எனக்கும் ஒரு புள்ளி வச்சுட்டு வருவாங்க. முப்பத்தஞ்சு நாள் தாண்டுனா முகம் மலரும், எனக்கு இலைல ஒரு கரண்டி நெய் கூட விழும், மாங்கா பத்தை வரும். அப்புறம் அம்பதாம் நாள் நான் கொல்லப்பக்கம் போய் உக்காந்தா அந்த முகத்தப் பாக்க முடியாது. அதனால என்ன பண்ணேன் தெரியுமா, ஆகாமயே ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு மாசம் மூணு நாள் கொல்லத் திண்ணைல தனித் தட்டோட உக்காந்துருக்கேன். கரெக்டா முப்பது நாளைக்கு ஒரு தடவ. உங்கப்பாவுக்குக் கூட தெரியாது, இப்பவும் தெரியாது, சொல்லிடாத. நாலு வருஷம்.

இத ஏன் சொல்றேன்னா, நீயும் இப்ப அதத்தான் பண்ற. உன் மாமியார் கேக்கும்போது சும்மா ஒரு தேதி சொல்றேன்னு சொன்னியே, அப்பவே எனக்கு வயித்தப் பெசஞ்சுது.

இப்ப உன் கணக்குக்கு வரேன். பீரியட்ஸ் 38 நாள், 52 நாள், 44 நாள்னு மாறி மாறி வருதுன்னு சொன்ன. உன் ஃபோன்ல இருக்கற ஆப்பு என்ன பண்ணுது, 28 நாள் கணக்க வச்சு 14ம் நாளக் குறிச்சு பூ வரைஞ்சு காட்டுது, நீங்க ரெண்டு பேரும் அந்த நாளுக்காக லீவு போட்டு உக்காந்துருக்கீங்க. முட்டை வெடிச்சதுக்கப்புறம் பீரியட்ஸ் வர்ற வரைக்கும் உள்ள நாள் தான் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், ஏறக்குறைய 14 நாள். இழுத்தடிக்கறது அதுக்கு முன்னாடி உள்ள பாதி. அப்ப 52 நாள் வந்த மாசம் உனக்கு முட்டை வெடிச்சிருந்தா அது 38ம் நாள் வாக்குல, நீங்க 14ம் நாள்ல தேடிட்டு இருந்தீங்க. பின்னாடிலேர்ந்து எண்ணணும்டி, ஆனா பின்னாடி எப்ப வரும்னு முன்னாடியே தெரியாது, அதான் இதுல உள்ள கொடுமை. அதனால நாள் பாக்கறத விட்டுடு, பீரியட்ஸ் முடிஞ்சதுலேர்ந்து ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ சேந்து இருந்தாலே போதும், ஆம்பள விந்தணு உள்ள அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், முட்டை தான் ஒரு நாளைக்கு மேல தாங்காது. அம்மா இப்படி எழுதறாளேன்னு கூச்சப்படாத, ஆயிரம் பேர்கிட்ட பேசுன வாய் இது.

முட்டை வெடிச்சுதான்னு பாக்கற அந்த 21ம் நாள் ரத்த டெஸ்ட்ட வச்சுகிட்டு முட்டையே வரலன்னு ஒரு எடத்துல சொன்னாங்கன்னு அழுத பாரு, அதுவும் இதே கதை தான். அந்த டெஸ்ட் பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி எடுக்க வேண்டியது, 28 நாள்காரிக்கு அது 21. உனக்கு 21ம் நாள்ல எடுத்தா எப்படி தெரியும்? அதே மாதிரி முட்டை வெடிக்கப் போற நாளக் காட்டற ஸ்ட்ரிப், நாலு நாளா அழுத்தமா கோடு வந்துச்சுன்னியே, உனக்கு இருக்கற இந்த பிசிஓடி, அதான் நீர்க்கட்டி பிரச்சனை, இருக்கறவங்கள்ல நெறைய பேருக்கு ஸ்ட்ரிப் பாக்கற எல்ஹெச் ஹார்மோன் கொஞ்சம் கூடவே நிக்கும், அதனால ஸ்ட்ரிப்பு ஏமாத்தும். நீர்க்கட்டி நீர்க்கட்டின்னு பயமுறுத்தறாங்களே, அது கட்டியே இல்ல, வளர ஆரம்பிச்சு பாதில நின்ன குட்டி முட்டைப் பைங்க. காசு போறதுன்னா ஃபாலிக்குலர் ஸ்டடிக்கு போகட்டும், ஸ்கேன்ல பை வளருதா வெடிக்குதான்னு கண்ணால பாத்துடலாம்.

தைராய்டும், பால் சுரக்க வைக்கற புரொலாக்டின் ஹார்மோனும் பாத்தாச்சான்னு கேளு. டாக்டர் எழுதிக் குடுத்த லெட்ரோசோல கூகுள்ல பாத்துட்டு மார்புப் புத்துநோய் மாத்திரைம்மான்னு பதறுனியே, ஆமா அதுக்கும் குடுக்கறது தான், முட்டை வளர வைக்கவும் இப்ப மொதல்ல அதத்தான் குடுக்கறாங்க, அஞ்சு நாள் கோர்ஸ். ஆனா டாக்டர் சொன்னப்புறம் போடு, கடைல நீயா வாங்கிப் போடாத. அப்புறம் பீரியட்ஸ் வரவைக்கற மாத்திரை வேற, அது ரத்தத்த வரவைக்கும், முட்டைய வரவைக்காது, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத. ஃபோலிக் ஆசிட் இன்னிலேர்ந்தே ஆரம்பி, கரு நின்னப்புறம் போட்டுக்கலாம்னு இருக்காத, கொழந்தையோட மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அஸ்திவாரம் நாள் தள்ளிப் போனத நீ கவனிக்கறதுக்குள்ள போட்டாயிடும். எடை பத்தி நான் சொன்னா உனக்கு கோவம் வரும், நாலு கிலோ, அவ்வளவு தான் சொல்லுவேன். நாலு கிலோ கொறஞ்சு தானா பீரியட்ஸ் ஒழுங்கானவங்கள நெறைய பாத்துருக்கேன்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி மாப்பிள்ளைக்கு விந்து பரிசோதனை. ஒன்றரை வருஷமா உன் கையில எத்தன ஊசி குத்திருக்காங்க, அவருக்கு ஒரு டப்பா குடுக்க நேரமில்லையா. நான் மாமியாரு, அவர்கிட்ட நேரா சொல்ல முடியாது, நீ சொல்லு. எங்க காலத்துல உங்கப்பாவ ஒருத்தரும் ஒண்ணுத்துக்கும் கூப்புடல, நான் தான் எல்லா கோயிலயும் சுத்துனேன். அதுக்கு முன்னாடி விந்து வெளியேறாம ரெண்டுலேர்ந்து ஏழு நாள் இடைவெளி விட்டு குடுக்கணும், அவ்வளவு தான், அதுல கௌரவம் ஒண்ணும் கொறையாது. சிகரெட்டையும் நிறுத்தச் சொல்லு, இன்னிக்கு நிறுத்துனா மூணு மாசம் கழிச்சு தான் பலன் தெரியும்.

நீ வந்த கதைய சொல்லவே இல்லையே. 1994. கோயில் பிரசாத வடைன்னு ரெண்டு தின்னேன், வாந்தி. எண்ணெய் சரியில்லன்னு நெனச்சேன், நாள் தள்ளிப் போறது எனக்கு புதுசா என்ன! மூணு மாசம் கழிச்சு தான் ஊருக்கெல்லாம் சொன்ன நர்ஸம்மாவுக்கு தன் வயிறு தெரிஞ்சுது. கடைசி தேதிய வச்சு ஒம்பது மாசம் ஏழு நாள் போட்டாங்க, அந்த தேதி வந்துச்சு, நீ வரல. ஊசி போட்டு வலி வரவைக்கலாமான்னு பேச்சு ஓடுது. வயசான ஒரு ஸ்டாஃப் நர்ஸ், வயித்தத் தடவிப் பாத்துட்டு "இது இன்னும் முத்தலம்மா, தேதி தான் தப்பு"ன்னாங்க. இருவத்தாறு நாள் கழிச்சு வந்த, ரெண்டே முக்கால் கிலோ. எனக்கு நாள் நீளம்ங்கறத அந்த கணக்குல யாரும் சேக்கல, அவ்வளவு தான். உனக்கு நின்னா மொத வேலையா டாக்டர்கிட்ட என் பீரியட்ஸ் நாள் தள்ளி வர்றதுன்னு சொல்லு, ஆரம்ப ஸ்கேன்லயே அளவு பாத்து தேதி போடுவாங்க.

போன வாரம் திருக்கருகாவூர் போய்ட்டு வந்தேன், கர்ப்பரட்சாம்பிகை நெய் வாங்கியாந்துருக்கேன். மாத்திரையும் போடு நெய்யும் சாப்பிடு, ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாது. கொரியர்ல அனுப்பறேன், டப்பா மூடிய இறுக்கி மூடி வை, போன தடவ எறும்பு வந்துச்சு.

அடுத்த மாசம் சித்தி பொண்ணு வளைகாப்புக்கு நீ வர வேணாம். போன விசேஷத்துல "இன்னும் ஒண்ணும் இல்லையா"ன்னு அத்தன பேர் முன்னாடி கேட்டப்ப நான் சிரிச்சு மழுப்பிட்டேன், நீ தட்டோட எந்திரிச்சு போன, பாதி சாப்பாட்டுல. இந்த தடவ யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்.

அம்மா