பனிச்சங்குக் கூடத்தை இடிக்காதீர்கள்

கலங்கரை விளக்க நிலையத்தைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மூடுபனியில் விளக்கு தெரியாதபோது கப்பல்களை ஒலியால் எச்சரித்த பனிச்சங்கு இருக்கும் கூடத்தை இடித்துவிட்டு அங்கே வண்டி நிறுத்த இடம் ஒதுக்கப் போவதாக நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போன வாரம் பார்த்தேன். தயவுசெய்து இடிக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பூட்டியிருந்த கதவின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். காற்றழுத்த இயந்திரத்தின் மேல் உடைந்த நாற்காலிகளைக் குவித்திருக்கிறார்கள். சங்கின் வாய்க்குள் யாரோ சிமென்ட் சாக்கைத் திணித்து வைத்திருக்கிறார்கள். காவலரிடம் கேட்டேன். "அதுல பார்க்க ஒண்ணும் இல்லைங்க, மேலே போய் விளக்கைப் பாருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாசலில் நீங்கள் வைத்திருக்கும் வரலாற்றுப் பலகையிலேயே சங்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். மூடுபனி இறங்கிவிட்டால் எவ்வளவு பெரிய விளக்கும் கண்ணுக்குத் தெரியாது என்பார். வேகத்தைக் குறைத்து, கப்பலின் முன் முனையில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு, எல்லாரும் வாயைத் திறக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்களாம். சங்கு எத்தனை விநாடி ஊதுகிறது, எத்தனை விநாடி ஓய்கிறது என்று எண்ணித்தான் எந்தக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பார்களாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தக் கணக்கு தப்பாமல் பார்த்துக்கொண்ட ஆட்கள் பட்ட பாடுதான் என் மனதை விட்டுப் போக மறுக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாசலில் இருக்கும் பாயிண்ட் பொனிட்டாவில் 1855இல் பனி நேரத்தில் பீரங்கி வெடிக்க ஒரே ஒரு முன்னாள் படைவீரரை வைத்தார்கள். ஐந்து நிமிடம் மாற்றிவிடக்கூட ஆள் இல்லை என்று அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. அதே விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில் 1906 ஜூலையில் பனிமணி அடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. காவலராக இருந்த ஜூலியட் நிக்கல்ஸ் என்ற பெண்மணி சுத்தியலை எடுத்து, 20 மணி 35 நிமிடம் கையாலேயே மணியை அடித்தார். எதிரே வெறும் வெள்ளைப் பனி. எந்தக் கப்பல் அதைக் கேட்டது, எது தப்பியது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. இருந்தும் கையை நிறுத்தவில்லை.

கனடாவின் பார்ட்ரிஜ் தீவில் 1859இல் நீராவிச் சங்கு ஊதத் தொடங்கியது. அந்த யோசனையைக் கொடுத்த ராபர்ட் ஃபவுலிஸ் வறுமையிலேயே இறந்தார். ஒலியால் உயிர் காத்தவர்களுக்கு எங்கேயும் இதே கதிதானா? பழையதைக் காப்பது என்றால் படம் எடுக்க அழகாக இருப்பதற்கு மட்டும் வெள்ளையடித்து வைப்பதா? எண்ணெய்க் கறை படிந்த இயந்திரமும் அதோடு இரவு முழுக்க விழித்திருந்தவர்களும் வரலாற்றில் சேர மாட்டார்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'கலங்கரை' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இதிலும் இருக்கிறது. கலத்தைக் கூப்பிடுவது என்று பொருள். பனி மூடிய இரவுகளில் அப்படிக் கூப்பிட்டது இந்தச் சங்குதானே?

செயற்கைக்கோள் வந்துவிட்டது, இனிச் சங்கு எதற்கு என்பீர்கள். சரி, அதை மறுபடியும் ஊதச் சொல்லவில்லை. கூடத்தை இடிக்க வேண்டாம், அவ்வளவுதான். நாற்காலிகளை அகற்றுங்கள். காவலர்கள் எழுதிய பதிவேடுகள் ஏதாவது மிஞ்சியிருந்தால் கண்ணாடிக்குள் வையுங்கள். பலகையில் நாலு வரி சேருங்கள். வண்டிகளைக் கோபுரத்துக்கு எதிரே உள்ள வெற்றிடத்தில் நிறுத்தலாம்.

இதைச் செய்ய ஆள் இல்லை என்றால் நாங்கள் சிலர் வரத் தயாராக இருக்கிறோம். இடிப்பு வேலையைத் தள்ளிவைத்து, ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சங்கின் வாயிலிருந்து அந்தச் சாக்கை நானே எடுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கப்பல்காரரின் மகள்