இரண்டாம் குண்டுக்குத் தனி ஆணை ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிரோஷிமா நினைவுநாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த நடுப்பக்கக் கட்டுரையில் இரண்டு தகவல்களைத் திருத்த வேண்டும். ஹிரோஷிமாவுக்குப் பிறகும் ஜப்பான் பணிய மறுத்ததால் அமெரிக்க அதிபர் ட்ரூமன் நாகசாகி மீதான இரண்டாம் அணுகுண்டுக்கு ஆணையிட்டார் என்பது ஒன்று; ஜப்பான் மீது படையெடுக்காமலே போர் முடிந்ததால் 10 லட்சம் அமெரிக்க உயிர்கள் தப்பின என்பது மற்றொன்று. குண்டு வீசியது நியாயம்தான் என்று கட்டுரையாளர் எழுப்பும் வாதம் முழுவதும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

குண்டுவீச்சுக்கு வாஷிங்டனிலிருந்து போன எழுத்து ஆணை ஒன்றே ஒன்றுதான். 1945 ஜூலை 25 அன்று அமெரிக்க ராணுவத்தின் தற்காலிகத் தலைவர் ஜெனரல் ஹேண்டி, விமானப்படைத் தளபதி ஸ்பாட்ஸுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 3 வாக்கில், இலக்கைக் கண்ணால் பார்த்து வீச வானிலை இடம்கொடுத்ததும் ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நான்கில் ஒன்றின் மீது முதல் குண்டை வீச வேண்டும்; அடுத்த குண்டுகளைத் தயாரானவுடன் வீச வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். முதல் குண்டு விழுந்த பிறகு எதிரி என்ன சொல்கிறான் என்று பொறுத்துப் பார்க்கும்படி அதில் ஒரு வரிகூட இல்லை. சரணடையச் சொல்லும் போட்ஸ்டம் அறிவிப்பு வெளியானதே மறுநாள் 26-ஆம் தேதிதான். எச்சரிக்கைக்கு முன்பே ஆணை போய்விட்டது.

நாகசாகிக்கான நாளைக் குறித்தது வானிலை. ஆகஸ்ட் 11-க்குத் திட்டமிட்டிருந்தார்கள். 10 முதல் வானம் கெடும் என்று கணிப்பு வந்ததும் 9-க்கு முன்தள்ளினார்கள். அன்றும் முதல் இலக்கு கொக்குராதான். அங்கே மேகமும் புகையும் மறைக்கவே, மூன்று சுற்று வந்துவிட்டு விமானம் நாகசாகி பக்கம் திரும்பியது. அங்கே குண்டு வெடித்த நேரம் காலை 11.02.

இடைப்பட்ட மூன்று நாளில் டோக்கியோவில் என்ன நடந்தது? ஹிரோஷிமாவின் வானொலி நிலையமும் ரயில்வே தந்தியும் நின்றுபோனதை வைத்துத்தான் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. விழுந்தது அணுகுண்டுதானா என்று உறுதிசெய்ய இயற்பியலாளர் நிஷினா அந்நகருக்குப் போய்ச் சேர்ந்ததே 8-ஆம் தேதி. 9-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தன. அன்று காலை உயர் போர்க்குழு கூடியது. நாகசாகிச் செய்தி கூட்டத்தின் நடுவில்தான் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும், எந்த நிபந்தனையில் சரணடைவது என்பதில் மூவருக்கு மூவர் என்ற பிளவு மாறவில்லை. பேரரசர் தலையிட்டுத்தான் முடிவானது. நாகசாகியில் அந்த ஆண்டு இறுதிக்குள் மாண்டவர்கள் ஏறத்தாழ 70,000 பேர்.

10 லட்சம் என்ற எண் பரவலானது, போர்த்துறைச் செயலராக இருந்த ஸ்டிம்சன் 1947-இல் எழுதிய பத்திரிகைக் கட்டுரையால். அங்கேயும் அது இறந்தோர், காயமடைந்தோர் எல்லாரையும் சேர்த்த எண். ‘உயிர்கள்’ என்று சுருக்கியது பின்னால் வந்தவர்கள். 1945 ஜூனில் ராணுவத் திட்டக்குழு படையெடுப்புக்குப் போட்ட கணக்கில் இறப்பு 40,000, காயம் 1,50,000, காணாமற்போவோர் 3,500. வேறு கணக்குகளும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் ஜப்பானில் அமெரிக்கப் படை தரையிறங்கக் குறித்திருந்த நாள் நவம்பர் 1. குண்டு விழுந்ததோ ஆகஸ்டில். ‘குண்டா, படையெடுப்பா, இன்றே சொல்’ என்ற நெருக்கடி அந்த வாரத்தில் யாருக்கும் இல்லை.

இலக்கு ராணுவத் தளம் என்ற ட்ரூமனின் கூற்றையும் கட்டுரை அப்படியே ஏற்கிறது. ஹிரோஷிமாவில் படைத்தலைமையகம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் குறிவைத்தது நகர நடுவிலிருந்த ஐயோய் பாலத்தை. வெடித்தது ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில். மரவீடுகள் மிகப் பரந்த வட்டத்தில் சரிய வேண்டும் என்றே தேர்ந்த உயரம் அது. ஊர் ஓரத்துப் பெரிய ஆலைகள் பெரும்பாலும் தப்பின. தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வழி விட்டுக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 6,000 பேர் தப்பவில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. ஜப்பானியப் பிடியில் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஒவ்வொரு நாளும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டத் தமிழர்களை ஓட்டிச்சென்ற அதே ராணுவம்தான் அது. ஒரு நாள் முன்னதாகப் போர் முடிவதும் பெரிய விஷயம்தான். ஆனால் விரைவுதான் அளவுகோல் என்றால், பேரரசர் பதவி நீடிக்கலாம் என்ற வாசகத்தைப் போட்ஸ்டம் அறிவிப்பின் வரைவிலிருந்து ஏன் நீக்கினார்கள்? டோக்கியோவின் அமைதித் தரப்பு கேட்டது அதைத்தான். கடைசியில் அவரை அரியணையில் விட்டும் வைத்தார்கள்.

மூன்றாம் குண்டு ஆகஸ்ட் 17, 18 வாக்கில் தயாராகும் என்ற தகவல் 10-ஆம் தேதி வாஷிங்டனை எட்டியது. அதிபரின் நேரடி அனுமதி இல்லாமல் இனி வீசக்கூடாது என்ற கட்டளை அன்றுதான் பிறந்தது. ஆக, ட்ரூமனின் பெயரை இரண்டாம் குண்டோடு சேர்த்து எழுத வேண்டுமானால், அதற்கு மறுநாள் அவர் போட்ட இந்தத் தடையைத்தான் எழுத வேண்டும். திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்றுத்துறை ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி