பூனைக்கு அந்த மருந்தைப் போடாதே

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா? மருமகளை விசாரித்ததாகச் சொல்.

உன் நாய் வீரனுக்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சம் இருக்கிறது, பூனை பிங்கிக்கும் கழுத்தில் இரண்டு சொட்டு விடலாம் என்று கடைக்காரர் சொன்னார் என்றாய். நான் போனிலேயே "போடாதே" என்று கத்தினேன். நீ "சரிடி" என்று வைத்துவிட்டாய். உன் "சரிடி" எனக்கு எட்டாம் கிளாஸிலிருந்து தெரியும். காரணம் தெரியாமல் நீ யார் பேச்சையும் கேட்டதில்லை, பிச்சம்மா டீச்சர் பேச்சு உட்பட. அதனால் காரணத்தை எழுதுகிறேன்.

நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி ரொம்பக் குறைவு. மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். எங்கள் தெருவில் போன மாசியில் ஒரு பூனைக்கு இதுதான் நடந்தது. காலையில் விட்டிருக்கிறார்கள், சாயங்காலம் காது மட்டும் துடித்தது, அப்புறம் உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. ஒருவேளை ஏற்கெனவே விட்டிருந்தால், பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பிங்கியைக் கழுவித் துடைத்து, நேராக டாக்டரிடம் போ. இழுப்பு வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதே. வீரனுக்கு மருந்து விட்டாலும் இரண்டு மூன்று நாள் பிங்கி அவன் மேல் சாய்ந்து படுக்கக் கூடாது.

இன்னொன்று. பூனைக்கு ஃபிப்ரோனில் என்ற வேறொரு உண்ணி மருந்தைப் போடலாம். அதே ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். உன் வீட்டில் நாய், பூனை, முயல் மூன்று ஜாதியும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். எந்தப் பிராணிக்கு, எத்தனை கிலோவுக்கு என்று அட்டையில் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் எதையும் பிரிக்காதே.

மருந்து இருக்கிறது என்பதற்காகக் கையால் பார்ப்பதை விட்டுவிடாதே. வீரன் வெள்ளை நாய் என்பதால் முதுகில் உண்ணி இருந்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் அது பெரும்பாலும் முதுகில் உட்காராது. கால் விரல் இடுக்கு, காது மடிப்பின் உள்பக்கம், பெல்ட்டுக்கு அடியில், வாலடியில்தான் உட்காரும். தினமும் சாயங்காலம் அந்த நாலு இடத்தையும் விரலால் தடவிப் பார். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவதெல்லாம் வேண்டவே வேண்டாம். ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால் அவன் படுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். அவன் சோறு தின்னாமல் சுருண்டு படுத்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார். வெளிறியிருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே ரத்தப் பரிசோதனை.

குளிப்பாட்ட உங்கள் வீட்டு ஷாம்பு வேண்டாம். நம் தோலின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 5.5 வாக்கில் இருக்கும், நாய்த்தோல் 7-ஐ ஒட்டியது. நம் ஷாம்பு அதை வறட்டிச் சொறிய வைக்கும். அவனுக்குக் குட்டை முடி, மாதம் ஒருமுறை குளித்தால் போதும்.

நகத்துக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறாய்? வீரனுக்கு நகம் வெளிறிய நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று தெரியும், அதற்கு முன்னாலேயே நறுக்கிவிடு. எங்கள் நாய் ரோசிக்குக் கறுப்பு நகம், ஒன்றும் தெரியாது. சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் நகத்தின் முகத்தைப் பார்ப்பேன். முதலில் வெளிறிப் பொடிப்பொடியாக இருக்கும். நடுவில் கருத்த ஈரப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளார் மாவை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். முன்னங்காலில் உள்பக்கம் மேலே தனியாக ஒரு நகம் இருக்குமே, அதை மறந்துவிடாதே. அது தரையில் உரசுவதில்லை, தேயாமல் வளைந்து சதைக்குள் இறங்கிவிடும்.

பிங்கியின் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் முடி சிக்கு விழுந்திருப்பதை வீடியோவிலேயே பார்த்தேன். கத்தரிக்கோலைத் தொடாதே. சிக்கோடு தோலும் சேர்ந்து மேலே எழும்பி வரும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவார்கள். வேர்ப்பக்கம் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரி. கட்டி தட்டிப்போயிருந்தால் டாக்டரிடம் சிரைக்கச் சொல். நீள முடி பெர்சியன் பூனையை வாங்கிவிட்டு வாரம் ஒருமுறை சீவுகிறேன் என்றால் நடக்காது, தினமும் சீவியே ஆக வேண்டும்.

முயலைக் குளிப்பாட்டவே வேண்டாம். நனைந்த முடி காய நேரமாகும், உடம்பு சில்லிட்டு, பயத்திலேயே செத்துப்போகும் பிராணி அது. முடி உதிரும் சமயத்தில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் அடிக்கடி நீவு. தன் முடியைத் தானே நக்கி விழுங்கும், முயலால் வாந்தி எடுக்க முடியாது. தூக்கும்போது பின்னங்காலையும் சேர்த்துத் தாங்கு. உதறினால் அதன் முதுகெலும்பே முறியும்.

பார்லரில் விட்டால் எல்லாம் செய்துவிடுவார்கள் என்று உன் மகள் சொல்வது எனக்குச் சம்மதமில்லை, செல்வி. போன வருஷம் ரோசியைச் சீவும்போது அவள் பால்மடியில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்பட்டது. முந்தின வாரம் அது அங்கே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு அந்த வாரமே அறுத்து எடுத்தார், இன்றைக்கு வாசலில் படுத்திருக்கிறாள். தினம் தொடுகிற கைக்குத்தான் நேற்று இல்லாதது இன்று தெரியும். பணம் வாங்கிக் குளிப்பாட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

அலமேலு மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன். நகவெட்டி நான் கொண்டு வருகிறேன். வீரனைப் பிடித்துக்கொள்ள உன் மகளை லீவு போட வை. சாயங்காலம் உட்கார்ந்து நாலு காலையும் முடித்துவிட்டு மண்டபத்துக்குப் போவோம்.

அன்புடன்,
மங்கை