குளிர்காலத்தில் லாயத்துக்குப் போகிறவர்களுக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம். குளிரில் குதிரையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பனிக்கட்டி படிந்திருந்தால் அகற்றிவிட்டு வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். வளர்ந்த குதிரைக்கு நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் தேவை. சில்லென்ற நீரைக் குறைவாகவே குடிக்கும். அப்புறம் குடலில் தீவனம் இறுகி வயிற்றுவலி வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

குளிர் கூடினால் தானியத்தைவிட உலர்புல்லைக் கூட்டுங்கள். அது பெருங்குடலில் நொதிக்கும்போதுதான் உடம்பு சூடாகும். குதிரைக்குப் போர்த்தியிருக்கும் போர்வைக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரமென்றால் உடனே மாற்றுங்கள். குளம்பில் அடைத்த பனியையும் எடுத்துவிடுங்கள். கடிவாள இரும்பைக் கையில் சூடாக்காமல் வாயில் வைக்க வேண்டாம், பாவம்.

சாணம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் குடலில் தீவனம் இறுகியிருக்கலாம்; உடனே குழுவில் சொல்லுங்கள், நள்ளிரவானாலும் சரி.