தென்மராட்சி உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் உறவுகளுக்கு வணக்கம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இலங்கைப் படையினர் யாழ்ப்பாண நகரை நெருங்க, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமமே பெயர்ந்து, கிழக்கே தென்மராட்சிக்கு, உங்கள் பக்கம் வந்தது. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை, மேலே மழை. விடியும்போது நாங்கள் பொறுப்பெடுத்த பாடசாலையில் வகுப்பறைகளும் விறாந்தைகளும் நிறைந்து, மாமரங்களின் கீழும் பிள்ளைகள் நனைந்தபடி நின்றார்கள்.

கைக்குழந்தைக்காரரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வீடுகளில் சேர்ப்பதற்காக ஒழுங்கை ஒழுங்கையாகப் படலையைத் தட்டினோம். ஏற்கெனவே நாற்பது பேர் தங்கியிருந்த வீட்டில், "சாமியறை இருக்கிறது, பிள்ளை" என்றார் ஓர் ஆச்சி. சாமிப் படங்களைத் தன் கையாலேயே கழற்றிக் கூடத்துக்கு மாற்றினார். இரண்டாம் கிழமை, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அந்த அறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துடக்கு, தீட்டு என்று அந்த வீட்டில் ஒருவரும் முகம் சுழிக்கவில்லை. ஆச்சி, அதற்கு நன்றி என்ற சொல் போதாது.

எல்லாரும் சோற்றைப் பற்றியே பேசினார்கள். பெண்கள் எங்களிடம் கேட்டது மறைப்பு. இருட்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலே இருந்த குமர்ப்பிள்ளைகளை நான் பார்த்தேன். வேலி அடைக்க வாங்கி அடுக்கியிருந்த கிடுகு முழுவதையும் தூக்கித் தந்த ஐயா, அன்று மாலையே மலசலகூடங்களுக்கு மறைப்புக் கட்டினோம். அந்த வருடம் உங்கள் வேலி அடைபடவில்லை. பின்னேரங்களில் தோட்டக் கிணற்றைப் பெண்களுக்கு மட்டும் விட்டு, ஆண்களைத் தள்ளி நிற்கச் சொன்ன அண்ணனையும் மறக்கவில்லை. கிணறு கிணறாகக் குளோரின் இட்ட சுகாதார ஊழியர்களுக்கும், தன் வீட்டுக்காரர் எங்கே என்று தெரியாத நிலையிலும் பிரசவம் பார்க்க ஓடிவந்த மருத்துவிச்சிக்கும் நன்றி.

1996 ஏப்ரலில் படையினர் தென்மராட்சிக்குள் வந்தபோது சிலர் கிளாலிக் கடல்நீரேரி தாண்டி வன்னிக்குப் போனோம். பலர் வலிகாமம் திரும்பினார்கள். உங்களிடம் சொல்லிக்கொண்டு போக நேரம் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் நீங்களே வீடிழந்து அலைந்தீர்கள். உங்களுக்குப் படலை திறந்தவர்கள் யாரோ, அவர்களுக்கும் என் நன்றி.

ஆச்சியின் வீடு இருந்த இடத்தில் இப்போது வேறு வீடு. ஆச்சியின் பிள்ளைகளே, அந்தக் குழந்தைக்கு உங்கள் தாயின் பெயரைத்தான் வைத்தார்கள். அவளுக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அந்தப் பாடசாலை முகாமில் நின்ற ஒருத்தி